மிதியில் வைத்த கால்

1
இந்தக் கதை ஆக்லாந்தில் ஒரு கராஜில் தொடங்கியது. என் காரின் பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போனது. குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று சொல்லி, மெக்கானிக் ஒரு மெஷினை மாட்டித் தனியாளாகவே எடுத்துவிட்டான். "மிதிக்க ஆள் வேண்டாமா?" என்றேன். சிரித்தான். ஃபிஜியில் அதற்கு இரண்டு பேர் வேண்டும். அவனிடம் விளக்க அலுப்பாக இருந்தது, எழுதுகிறேன்.

2
1987, வருஷக் கடைசி, இரண்டாவது ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, இந்தியர்கள் நாட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்த சமயம். ஃபிஜியில் நடபுவா என்ற ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை வெயிலில் மாமரம்… (வேண்டாம். அன்று யாரும் மரத்தைப் பார்க்கவில்லை.)

மெக்கானிக் தேவேந்திரா வீட்டுக்குப் பின்னால் தகரத்தை மறைப்பாக நிறுத்திவிட்டுத் தன் காருக்கு அடியில் படுத்திருந்தார். ஞாயிறன்று வேலை செய்யக் கூடாதென்று புதுச் சட்டம். ஆனால் மறுநாள் காலை ஏழுக்கு அவரும் மனைவியும் போகும் விமானம். விசாவுக்கும் அதுதான் கடைசி நாள். காரை வாங்கிய சபேட்டோ ஊர்க்காரன் அப்பு அதை எடுத்துப்போகச் சாயங்காலம் வந்துவிடுவான். பிரேக்கோ பஞ்சு.

பதினோரு வருஷமாக அவர் "அமுக்கு", "உடு" என்று கத்துவார், மனைவி ப்ரேமிலா மிதிப்பாள். மிதி அழுந்தியிருக்கும்போது சக்கரத்துத் திருகைத் திறந்தால் எண்ணெயோடு காற்று வெளியேறும். திருகை மூடும்வரை காலை எடுக்கக் கூடாது. அன்று கத்த முடியாது. ஸ்பேனரால் ஒரு தட்டு: அமுக்கு. இரண்டு தட்டு: விடு.

3
[முதல் பிரதியில் ப்ரேமிலாவை அழவைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அழவும் தெம்பில்லாத வாரம் அது.]

கடைசிச் சக்கரம், திருகு திறந்திருந்தது. தெருவில் ராணுவ லாரி வந்து நின்றது. ப்ரேமிலா பயத்தில் காலை எடுத்துவிட்டாள். வெளியே போக வேண்டிய காற்று உள்ளே போனது. லாரி நகர்ந்தபோது, மறுபடி ஊற்றிக் காற்றெடுக்க எண்ணெய் டப்பாவில் சொட்டு இல்லை. திங்கள் எட்டு மணிக்குத்தான் கடை.

"நான்தாங்க கெடுத்துட்டேன்."

"உடு. நானா இருந்தாலும் எடுத்திருப்பேன்."

"மூணு தரம் அமுக்குனா கொஞ்ச நேரம் கெட்டியா நிக்குது, பாருங்க."

அவர் ஸ்பேனரோடு காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்.

4
அப்பு மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்தான்.

"காடி நல்லா நிக்குமாண்ணே? ஒக்காந்து பாக்கவா?"

முடிவு ஒன்று: தேவேந்திரா சொல்லிவிடுகிறார். "பண்ணிக் குடுத்துட்டுப் போங்கண்ணே" என்கிறான் அப்பு. நியாயம்தான், தெருவில் வேறு மெக்கானிக் பாக்கியில்லை, எல்லாரும் போயாயிற்று. விமானமும் போகிறது. 2000இல் அடுத்த கவிழ்ப்புக்குத் துப்பாக்கிகள் வரும்போதும் இவர்கள் அங்கேயே.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. சபேட்டோ போகும் வழியில் ஒரு கரும்பு லாரி… (இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கினேன்.)

விஷயத்தைச் சொல்லி, மூன்று முறை மிதித்து ஓட்டு என்று அனுப்பலாமே என்கிறீர்கள். மூன்று முறை மிதிக்க நேரமிருந்தால் பிரேக் எதற்கு?

5
ப்ரேமிலா இன்னும் ஓட்டுநர் இருக்கையில்தான், மிதியில் கால். ஒரு தட்டு கேட்டால் மூன்று முறை அமுக்கிக் கெட்டியாக்கிவிட்டு இறங்குவாள். இரண்டு தட்டு கேட்டால் காலை எடுத்துவிடுவாள், அப்பு மிதிக்கையில் மிதி தரைவரை போகும். பின் இருக்கையில் அப்புவின் பிள்ளைகள் ஜன்னலோரத்துக்குச் சண்டை போடுகிறார்கள்.

எனக்கு அலுத்துவிட்டது. இத்தனை வருஷமாக அந்த மனுஷரை ஸ்பேனரோடு நிற்கவைத்திருக்கிறேன். ஸ்பேனரை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். கத்த வேண்டாம், ஒன்றோ இரண்டோ தட்டினால் போதும், அவளுக்குக் கேட்கும்.