இருமல் நின்ற வீடு

அத்தையின் இருமல் நின்றுபோனதை நான் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அத்தை என்றால் என் மனைவியின் அம்மா. எப்போதோ வந்த நிமோனியாவில் அவருடைய மூச்சுக்குழாய்கள் விரிந்து தளர்ந்துவிட்டன. பழையபடி ஆகாது; சமாளிக்கலாம். குழாய்களில் சளி தேங்கும். தேங்கினால் கிருமி சேரும். அதனால் தினமும் வெளியேற்றியாக வேண்டும். காலையிலும் மாலையிலும் அத்தையைச் சரிவாகப் படுக்கவைத்து என் மனைவி முதுகில் தட்டுவாள். வந்த சளியை வெள்ளைக் கிண்ணத்தில் பார்ப்பாள். நிறம் மாறினால் உடனே டாக்டருக்கு போன்.

அவள் சாலை விபத்தில் போன பிறகு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அத்தை கதவைச் சாத்திக்கொண்டார். முதலில் இருமல் கேட்டது. பிறகு குறைந்தது. பிறகு இல்லை.

அந்த அமைதியில் என்னால் உட்கார முடியவில்லை. ராத்திரியெல்லாம் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். தண்ணீர்க் குழாயை மூடியிருக்கிறேனா என்று பார்த்தேன். மூடித்தான் இருந்தது. மறுபடி போய்ப் பார்த்தேன்.

வேலையிலும் அதே கதைதான். பெயின்ட் கம்பெனியில் நிறம் பொருத்துகிறவன் நான். மாதிரி அட்டைக்கும் கலவைக்கும் இம்மி வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். ஒருநாள் சாம்பல் நிறக் கலவையில் மஞ்சளை இரண்டு தடவை ஊற்றிவிட்டேன். மேலாளர் திட்டவில்லை. இப்போதெல்லாம் யாரும் என்னைத் திட்டுவதில்லை. வீட்டுக்குப் போகச் சொன்னார்.

வழியில் மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்கினேன். உங்கள் மாமியாருக்கு இன்னொரு பாட்டில் தரட்டுமா, போன வாரம் வாங்கினது தீர்ந்திருக்குமே என்றார் கடைக்காரர். எடுத்துக் காட்டச் சொன்னேன். இருமலை அடக்கும் சிரப். அத்தை தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த வகை.

படிகளைத் தாவி ஏறினேன். அத்தை போர்வைக்குள் கிடந்தார். மூச்சு வாங்கியது. நெற்றியைத் தொடத் தயங்கினேன். தொட்டேன். கொதித்தது.

“ஏன் அத்தை அந்த சிரப்ப குடிச்சீங்க?”

“நீங்க ராத்திரியெல்லாம் நடக்குறீங்களே மாப்ளே. நான் இருமுறதுனாலதான் தூக்கம் வரலன்னு நெனச்சேன்.”

இருமல் குறையக் குறையத்தான் என் நடை கூடியது. அதைச் சொல்லாமல் ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

சளி என்ன நிறம் என்று டாக்டர் கேட்டார். வெள்ளைதான் என்றார் அத்தை. டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே தெரியும்? அத்தை கிண்ணத்தை உடனுக்குடன் கழுவிக் கவிழ்த்துவிடுகிறார். சோதனைக்குக் கொடுத்த புட்டியைக்கூட என் கண்ணில் படாமல் கைக்குட்டையால் மூடித்தான் நீட்டினார். டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினார். சளி வெளியே வராவிட்டால் இந்த மருந்தால் பாதிப் பயன்தான், ஒவ்வொரு காய்ச்சலும் நுரையீரலில் இன்னும் கொஞ்சத்தைத் தின்றுவிட்டுப் போகும் என்றார். வீட்டில் யார் தட்டிவிடுகிறார்கள் என்று கேட்டார். தட்டியவள் இப்போது இல்லை என்றேன். பிசியோதெரபி செய்யும் பெண் எனக்குத் தலையணையில் தட்டிக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை ஒரே பிடிவாதம். காய்ச்சல் இறங்கட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்றார்.

“எச்சிக் கிண்ணத்தப் போயி மாப்ள கிட்ட நீட்டுவாங்களா? எனக்கு மானம் போயிடும்.”

“காலைலேருந்து நிறம் பாக்குறதுதானே அத்தை என் பொழப்பு. சம்பளமில்லாம இன்னும் ஒண்ணு பாத்துட்டுப் போறேன்.”

சிரிப்பு வந்தது அவருக்கு. அடக்கப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே தலையணையை வைத்து ஒருக்களித்துப் படுத்தார். முதுகில் துண்டை விரித்துத் தட்டினேன்.

“என்ன, கொசு அடிக்கிறீங்களா? கையக் குழிச்சுக்கிட்டு நல்லா அடிங்க. மாமியார அடின்னு டாக்டரே சொல்லியிருக்கார், எத்தன பேருக்குக் கெடைக்கும்?”

கையைக் குழித்தேன். சத்தம் மாறியது. என் மனைவி இருந்தவரை மூடிய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து காலையும் மாலையும் கேட்ட அதே சத்தம். கை அந்தரத்தில் நின்றது. அத்தையும் அசையவில்லை.

“இருக்க வேண்டியவ போயிட்டா,” என்றார் சுவரைப் பார்த்தபடி. “என்னை எதுக்கு இழுத்துப் பிடிக்கிறீங்க?”

தட்டினேன். தோள்பட்டைக்குக் கீழே, விலாவோரம், மறுபடி மேலே. அடியிலிருந்து ஏதோ புரண்டது. எழுந்து உட்கார்ந்து உடம்பு குலுங்க இருமினார். கிண்ணத்தை நான்தான் பிடித்துக்கொண்டேன். பச்சை. ஓரத்தில் பழுப்பு.

“இதுவா வெள்ளை?”

முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இன்னும் இருக்கா?”

அத்தை மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்தார்.

“வலது பக்கம் இருக்கு,” என்று சொல்லி, தானே மறுபக்கமாகத் திரும்பிப் படுத்தார்.