பால் பட்ட சேலை

என் அண்ணி கெர்ட்ரூட் ஒன்றை ஆரம்பித்துவிட்டால் அப்புறம் யாராலும் நிறுத்த முடியாது. அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்து பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஈப்போ டவுனில் ரயில்வே உத்தியோகஸ்தர்களின் மனைவிமாரையெல்லாம் பிடித்து இழுத்துச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளைப் படிக்கவைப்பதுதான் சங்கத்தின் வேலை. தலைவி அவரேதான். வேறொருத்தி தலைவியாக வந்திருந்தாலும் அண்ணி அவளைச் சும்மா விட்டிருக்கமாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வெள்ளைக்கார மானேஜர் துரையிடம் நடையாக நடந்து, ரப்பர் ஷீட் அடுக்குகிற பழைய கொட்டகையைப் பள்ளிக்கூடத்துக்கென்று வாங்கிவிட்டார். துரை ஒரு கண்டிஷன் போட்டார். பத்துப் பிள்ளைகளாவது தினமும் வரவேண்டும், இல்லாவிட்டால் கொட்டகை திரும்பவும் ஷீட்டுக்குப் போய்விடும். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம். ரப்பர் விலை மேலே மேலே ஏறிக்கொண்டிருந்ததால் துரைக்கு ஒவ்வொரு கொட்டகையும் வேண்டியிருந்தது.

டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில், கிழிந்த துணியோடு வந்த தோட்டத்துப் பிள்ளையைக் கடைசி வரிசைக்கும் பின்னால் தரையில் உட்காரவைத்திருந்ததை அண்ணி ஒரு தடவை பார்த்திருக்கிறார். அது அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. நம் பள்ளியில் உசத்தி தாழ்த்தி கூடாது, எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை என்று சொல்லிவிட்டார். சங்கத்துப் பெண்கள் உட்கார்ந்து தைத்தோம், என் விரலெல்லாம் ஊசிக்குத்து. சுத்தமான வெள்ளைச் சட்டை இல்லாமல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று வாத்தியார் சின்னையாவிடம் கண்டிப்பாகச் சொல்லியும் வைத்தார். சின்னையா சொன்ன சொல் தட்டாதவர்.

முதல் சில நாள் கொட்டகை நிறைந்திருந்தது. அப்புறம் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். இப்போது யாருமே வருவதில்லை, வியாழக்கிழமை மத்தியானம் துரை பார்க்க வருகிறார் என்று வாத்தியார் சொல்லியனுப்பினார். தோட்டத்து ஜனங்களுக்குப் படிப்பின் அருமை எங்கே தெரியப்போகிறது என்றாள் சங்கத்தில் ஒருத்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் அப்பா தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில் பிறந்தவர். அண்ணி வியாழக்கிழமை முதல் ரயிலுக்கு என்னையும் கிளப்பிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

நாங்கள் மாட்டுவண்டியில் போய் இறங்கியபோது லயம் காலியாக இருந்தது. எல்லோரும் பால் வெட்டுகிற வேலைக்காட்டில். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையோடு அண்ணி ரப்பர் மரங்களுக்குள் நடந்தார். கொசுவை அடித்துக்கொண்டே நானும் பின்னால் போனேன்.

அங்கே இருளாயி என்பவள் மரத்தில் கட்டிய கோப்பைகளில் இருந்த ரப்பர் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் மகள் ராக்காயி கோப்பைகளை வழித்துக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். சட்டை கொடுத்த அன்று எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்து வாங்கிய பெண் அவள்தான். இப்போது எங்களைக் கண்டதும் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"ஏன் இருளாயி, பிள்ளையப் பள்ளிக்கு அனுப்பல?" என்று கேட்டார் அண்ணி.

"அனுப்பாம என்னம்மா. நீங்க குடுத்த சட்டையப் போட்டுக்கிட்டுத்தான் போனா. காலையில எனக்குக் கை உதவிக்கு வந்தவ, அப்படியே போனா. சட்டையில பால் தெறிச்சிருந்திச்சு. சுத்தமா வான்னு வாத்தியார் திருப்பி அனுப்பிட்டாரு."

"துவைச்சுப் போட்டு அனுப்பலாமே?"

இருளாயி சிரித்தாள். "ரப்பர் பாலும்மா அது. துவைச்சாப் போகுமா? கறுத்துத்தான் போவும். இதப் பாத்துட்டு மத்தவளுகளும் சட்டைய மடிச்சுப் பெட்டியில வச்சுட்டாளுக. கோயில் தீமிதித் திருநாளுக்குப் போடலாம்னு. பிள்ளைங்க காட்டுல இருந்து நேராத்தானே பள்ளிக்கு வரணும், காட்டுக்கு வராம இருக்க முடியுமா? சொல்லுங்க."

அண்ணிக்கு முகம் செத்துப்போய்விட்டது. நாமும் ஒரு கை கொடுப்போம் என்று நினைத்தாரோ என்னவோ, இருளாயி இரண்டு பக்கமும் வாளி தொங்குகிற காண்டாக் கம்பைத் தோளுக்கு ஏற்றும்போது ஒரு வாளியைப் பிடித்துத் தூக்கப் போனார். அவருக்கு வாளி தூக்கிப் பழக்கமா? அது சரிந்து, பால் சேலையில் இடுப்பிலிருந்து கால்வரை வழிந்தது.

"ஐயோ, போச்சே!" என்று பதறினாள் இருளாயி. "இது போவாதும்மா!"

"போகாதுன்னு இப்பத்தானே சொன்ன," என்றார் அண்ணி. வழிந்த சேலையைப் பார்த்தார், மரத்துக்குப் பின்னால் நின்ற ராக்காயியைப் பார்த்தார். "வா, உங்க பாலை எடை போட்டுட்டுப் பள்ளிக்குப் போலாம்."

பால் நிறுக்கிற கொட்டகை பள்ளிக்கு எதிரில்தான். தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். அண்ணியின் சேலையைப் பார்த்துக் கையால் வாயை மூடிக்கொண்டார்கள். நான் கொண்டுவந்த மாற்றுச் சேலை வண்டியில் இருக்கிறது என்று அவர் காதில் சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை.

ராக்காயியையும் கூட்டிக்கொண்டு நேரே பள்ளி வாசலுக்குப் போய், உள்ளே கால் வைக்காமல் நின்றார். பெண்களும் பிள்ளைகளும் கொஞ்சம் தள்ளி வந்து கூடிவிட்டார்கள். ஈப்போ அம்மாவை வாத்தியார் என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க எல்லோருக்கும் ஆசை.

"வாத்தியாரே, நான் உள்ள வரலாமா?"

சின்னையா சேலையைப் பார்த்தார். பாவம், மனிதருக்கு வேர்த்துவிட்டது. "நீங்க வரலாம்மா... நீங்க தலைவியாச்சே."

"தலைவிக்கு ஒரு சட்டம், ராக்காயிக்கு ஒரு சட்டமா? அது வேணாம். என்னையும் திருப்பி அனுப்புங்க. இல்லாட்டி ரெண்டு பேரையும் விடுங்க."

அந்தச் சட்டத்தைப் போட்டவரே அவர்தான், அதை அத்தனை பேர் முன்னாலும் அவரே உடைத்துக்கொண்டிருந்தார்.

சின்னையா கதவைவிட்டு நகர்ந்தார். "வாங்க. ரெண்டு பேரும் வாங்க."

ராக்காயி காட்டுக்குப் போட்டிருந்த பழைய பாவாடையோடு, கையெல்லாம் பால் காய்ந்து ஒட்டியிருக்க, அண்ணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அதைப் பார்த்து ஒரு பையன் உள்ளே போனான். அப்புறம் மற்றப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கொட்டகை முழுக்க ரப்பர் பால் வாடை. வாத்தியார் அ, ஆ எழுத ஆரம்பித்தார்.

துரை வந்தபோது பிள்ளைகள் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் விரலை நீட்டி நீட்டி எண்ணிப் பார்த்தார். பத்துக்கு மேலேயே இருந்தார்கள். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, தோட்டத்தில் கற்ற தமிழில் கேட்டார்: "வெள்ளைச் சட்டை எங்கே?"

அண்ணி எழுந்து நின்றார். சேலையில் பால் பட்ட இடமெல்லாம் காய்ந்து மொடமொடவென்று இருந்தது.

"சட்டையெல்லாம் வீட்டுப் பெட்டியில பத்திரமா இருக்கு துரை," என்றார். "பிள்ளைங்க இங்க இருக்காங்க."