பதினோரு துண்டு அப்பம்

"உன் கையாலேயே மாத்திடு" என்றாள் வாத்தியாரம்மா. "நான் அதத் தொட மாட்டேன்."

சமையலறை மேசையில் இரண்டு அப்பங்கள் இருந்தன. ஒன்று வெள்ளைத் துணிக்குள், சூடு ஆறாமல். அது மருமகளைப் பெற்றவள் செய்து, சற்று முன்புதான் பின்வாசலில் கொடுத்துவிட்டுப் போனது. இன்னொன்று தட்டில், மேலே மற்றொரு தட்டைக் கவிழ்த்து மூடியிருந்தது. அது வாத்தியாரம்மா யாருக்கும் தெரியாமல் முந்தின நாள் மாலையே சுட்டு வைத்தது.

"அம்மா மூணு தடவ சட்டியக் கழுவிட்டுத்தான் சுட்டிருக்காங்க, அத்தை" என்றாள் மருமகள்.

"சட்டியக் கழுவினா ஆச்சா? அந்தக் கையை எங்க கொண்டுபோய்க் கழுவறது? சபையில அறுபது பேர் வாயில வைக்கிற சமாச்சாரம் இது."

"ரெண்டு நாளா வேலைக்கே போகல. லீவு போட்டிருந்தாங்க."

"இருபது வருஷத்த ரெண்டு நாள் லீவுல கழிச்சிட முடியுமா?"

குளியலறைக் கதவு திறந்துதான் இருந்தது. பேங்க்கில் வேலை பார்க்கும் மகன் கன்னத்தில் சோப்பு நுரையோடு நின்றிருந்தான். மனைவி தன் பக்கம் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் கண்ணாடிக்கு இன்னும் கிட்டே போனான். "ஒரு நாள் விஷயந்தானே. பெருசு பண்ணாத" என்று கண்ணாடிக்குள் இருந்தவனிடம் சொன்னான்.

மருமகளின் அம்மா பெரிய ஆஸ்பத்திரிப் பிணவறையில் வேலை செய்கிறவள். இறந்தவர்களைக் குளிப்பாட்டி, தலை வாரி, துணி உடுத்தி, வீட்டார் பார்க்கும்படியாக ஆக்கிக் கொடுப்பது அவள் வேலை. தெருவில் அவளுக்குப் பெயர் கடைசித்தண்ணி. யார் வைத்த பெயர் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் காட்டுவார்கள். ஆனால் இந்தத் தெருவில் அவள் கைபட்டுப் போகாத பெரியவர்கள் குறைவு. இந்த வீட்டு வாத்தியாரைப் பெற்ற தாயும் அவள் கையால்தான் போனார். அன்றைக்கு எல்லோரும் அவளை முன்வாசல்வழியாகவே கூப்பிட்டார்கள். அழுகிற அவசரத்தில் பின்வாசல் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது.

ஒவ்வொரு உடலையும் தொடுவதற்கு முன்னால் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று சொல்வாளாம். "ஆண்டவரே, இவங்க பேரு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்." ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் இதை வெளியே வந்து சொல்லிச் சிரித்தார். பிறகு அவருடைய மனைவி அதே மேசையில் கிடந்தபோது, அவளுடைய பெயரை அவரே சொன்னார். அதற்கப்புறம் அவர் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பதில்லை.

இப்படிப்பட்டவள் பெற்ற பெண் வாத்தியார் வீட்டுக்கு மருமகளாக வந்தது எப்படி என்று கேட்கலாம். எல்லாம் பையனின் பிடிவாதம். அவன் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தான். நாலாம் நாள் வாத்தியாருக்கு இயேசுவின் அன்பு நினைவுக்கு வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சபையின் மூப்பர். அன்றிலிருந்து எந்த ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொன்னாலும் அந்தக் கல்யாணத்தில் கொண்டுவந்து முடிப்பார். "ஆண்டவர் யாரையும் தள்ளல, நாங்களும் தள்ளல" என்பார். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் சம்பந்தி என்ற சொல் அந்த வீட்டில் ஒரு தடவைகூட யார் வாயிலும் வரவில்லை. அவள் வந்தால் பின்வாசல். காப்பி குடிக்க ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளர் தனியாக இருக்கும். அந்த டம்ளரைக் கழுவும் உரிமை மருமகளுக்கு மட்டும் உண்டு.

ஆண்டவரின் நினைவாக எல்லோரும் பங்கிட்டு உண்ணும் திருவிருந்து அப்பத்தை அந்தச் சபையில் கடையில் வாங்குவதில்லை. மாதத்துக்கு ஒரு வீடு முறைவைத்துச் சுடும். முறை எழுதப்பட்ட தாள் எதுவும் கிடையாது. அது வாத்தியாரம்மாவின் மனசுக்குள் இருந்தது. அந்த மனசுக்குள் கடைசித்தண்ணியின் பெயர் அவள் சபைக்கு வந்து பதினெட்டு வருஷமாகியும் வரவில்லை. அவளும் கேட்டதில்லை. புதிதாக வந்த போதகர் சின்ன வயசு, விவரம் போதாது. சபைப் பதிவேட்டை எடுத்து, பெயர்களை அகர வரிசையில் அடுக்கி, தாளில் எழுதி, கதவில் ஒட்டிவிட்டார். வாத்தியார் அதைப் படித்தார், தொண்டையைச் செருமினார், "நல்ல ஏற்பாடு" என்றார். வேறென்ன சொல்ல முடியும்? சாட்சி சொன்ன வாய்.

தாளில் தன் பெயரைப் பார்த்த அன்று கடைசித்தண்ணி மகளிடம் பின்வாசலில் நின்றுகொண்டு, "உப்பு எவ்வளவு போடணும்டி?" என்று கேட்டாள். அதற்குள் குரல் உடைந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக்கூட அது கேட்டது. தெருவுக்குக் காது உண்டு.

அந்த அப்பத்தைத்தான் இப்போது மாற்றச் சொல்கிறார்கள்.

"மாமாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் மருமகள்.

"அவருக்குத் தெரிஞ்சா, வேண்டாம்னு சொல்லித்தான் ஆகணும். பாவம், அவரை ஏன் அந்தச் சங்கடத்துல மாட்டி விடணும்? வழக்கமா நீதானே தட்ட எடுத்துட்டுப் போற. நீ கொண்டுபோனா யாருக்கும் சந்தேகம் வராது. உங்கம்மாவுக்கும் தெரியாது. முறை செஞ்ச பேரும் அவங்களுக்கே. எல்லாருக்கும் நல்லதுதானே?"

மருமகள் அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டால், "ஆஸ்பத்திரியில" என்று சொல்லிவிட்டு, நர்ஸ் என்று அவர்கள் நினைத்துக்கொள்ளும் வரை பேசாமல் இருக்கக் கற்றவள் அவள். அந்தப் படிப்புதான் இப்போதும் கைகொடுத்தது. வாத்தியாரம்மா சுட்ட அப்பத்தை எடுத்தாள். அம்மாவின் துணியாலேயே அதை மூடினாள்.

அவள் வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள், வாத்தியாரம்மா ஒரு கரண்டியால் மற்ற அப்பத்தை உடைத்து, தண்ணீர் ஊற்றி, கோழிகளுக்கு வைத்துவிட்டாள். வீணாக்குவது அவளுக்குப் பிடிக்காது. கோழிகள் கொத்தித் தின்பதை மருமகள் திரும்பிப் பார்த்தாள்.

கடைசித்தண்ணி வழக்கமாகக் கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்காருவாள். அன்றும் அங்கேதான் இருந்தாள். இஸ்திரி போட்ட உடை, ஒட்ட வெட்டிய நகம். இரண்டு கைகளையும் மடியில் மல்லாக்க வைத்திருந்தாள், யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்பதுபோல.

போதகருக்கு ஒரு பழக்கம். தலைகளை எண்ணி, அத்தனை துண்டாகத்தான் பிட்பார், மிச்சம் விழக்கூடாது. அன்று அறுபத்து மூன்று தலை. "இன்றைக்கு இதை நம் ஆஸ்பத்திரி அக்கா செய்து கொண்டுவந்திருக்கிறார்கள்" என்று சொல்லித் துணியை விலக்கினார். அப்பம் வெள்ளை வெளேரென்று, பஞ்சு மாதிரி இருந்தது.

கடைசித்தண்ணி செய்தது முழுக் கோதுமை மாவில். பழுப்பு நிறம், மேலே நாலு கீறல்.

அவள் வாத்தியாரம்மாவைப் பார்க்கவில்லை. முன் பெஞ்சில் இருந்த மகளின் முதுகைப் பார்த்தாள். மகள் திரும்பவில்லை. இயேசுவைக் காட்டிக்கொடுத்தவனும் அதே பந்தியில்தான் உட்கார்ந்திருந்தான், அவனுக்கும் சேர்த்துத்தான் ஆண்டவர் பிட்டார் என்று போதகர் சொல்லிக்கொண்டிருந்தார். அது அவர் மாதாமாதம் சொல்வது. அன்று அது முன் பெஞ்சில் ஒருத்திக்கு மட்டும் புதிதாகக் கேட்டது. அவள் முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டதை இரண்டாம் பெஞ்சுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள்.

தட்டை எடுத்துக்கொண்டு வாத்தியார் பெஞ்சு பெஞ்சாகப் போனார். மருந்துக்கடைக்காரர் தட்டு வந்த நேரம் பார்த்துக் கண்ணை இறுக மூடி ஆழ்ந்த ஜெபத்தில் இருந்தார். தையற்கடை அம்மாவுக்கு இருமல் வந்தது; கைக்குட்டை வாயைவிட்டு இறங்கவில்லை. பாட்டுக்குழுவில் இரண்டு பேர் பாட்டுப் புத்தகத்தில் ஏதோ பக்கத்தைத் தேடினார்கள். ரொம்ப நேரம் தேடினார்கள். எடுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம், அதையும் சொல்லவேண்டும். கடைசித்தண்ணி தன் முன்னால் நீண்ட தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். ஒரு நொடி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள்.

எல்லோருக்கும் கொடுத்தபின் தட்டைத் தூக்கி வருகிறவர் தானும் எடுத்துக்கொள்வது முறை. வாத்தியார் தட்டை மேசையில் வைத்தார். துணியால் மூடினார். போய் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

வாத்தியாரம்மா அதைப் பார்த்தாள். முப்பத்தாறு வருஷம் தன் கையால் சாப்பிட்ட மனிதர், தன் கையால் செய்த அப்பத்தை வேண்டாமென்று வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். எழுந்து சொல்லவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த அம்மாள், தலைசுற்றுகிறதா என்று விசிறிவிட்டாள்.

முடிவு ஜெபத்துக்கு முன் போதகர் துணியை விலக்கினார். எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"பதினோரு துண்டு இருக்கு" என்றார். சத்தம் போடவில்லை. "நான் எண்ணினது தப்பா? இல்ல, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

மருந்துக்கடைக்காரர் மறுபடி ஜெபத்துக்குப் போய்விட்டார்.

முன் பெஞ்சிலிருந்து மருமகள் எழுந்தாள். கணவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் அந்தக் கையை ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள்.

"அந்த அப்பம் எங்கம்மா செஞ்சது இல்லீங்க ஐயா" என்றாள். "எங்க அத்தை செஞ்சது. அம்மா கொண்டுவந்தத நான்தான் மாத்தினேன். பொணம் கழுவற கை செஞ்சத சபைக்குக் குடுக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. சரின்னு மாத்திட்டேன். அவங்க எங்கம்மா. நர்ஸ் இல்ல. பிணவறையில வேலை செய்யறாங்க. எனக்குச் சோறு போட்டது அந்தக் கைதான்."

நர்ஸ் என்று யார் சொன்னார்கள் என்று அங்கே இருந்தவர்களுக்குப் புரியவில்லை. அது அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் தெரிந்த கணக்கு.

போதகர் ஆசீர்வாதத்தை இரண்டே வரியில் முடித்தார்.

பிறகு நடந்ததுதான் விசேஷம். மருந்துக்கடைக்காரர் முதல் ஆளாக எழுந்து போனார். யாரிடம்? வாத்தியாரம்மாவிடம்.

"மன்னிச்சுக்கங்கம்மா, நீங்க செஞ்சதுன்னு தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா எடுக்காம இருப்பேனா?"

தையற்கடை அம்மாவும் வந்தாள். இருமல் போன இடம் தெரியவில்லை. "உங்க கை பக்குவம் எனக்குத் தெரியாதா? நெறத்தப் பாத்ததுமே நெனச்சேன், இது வாத்தியாரம்மா கைன்னு. மனசுல ஏதோ ஒரு இது." பாட்டுக்குழுவும் வரிசையில் நின்றது. வாத்தியாரம்மா ஒவ்வொருவருக்கும் தலையாட்டி மன்னித்தாள். அவர்கள் நின்ற வரிசைக்குப் பின்னால் கடைசித்தண்ணி வழி கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். நாலு பேர் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர், "கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றார்.

அவள் தள்ளித்தான் போனாள், போதகர் இருந்த பக்கமாக.

"மிச்சத்த என்ன பண்ணுவீங்க ஐயா?"

"தூக்கிப் போடக்கூடாதும்மா. யாராவது மரியாதையோட சாப்பிட்டு முடிக்கணும்." அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"எங்கிட்டக் குடுங்க. என் பேருக்கு வந்து வேண்டாம்னு போனது. நான் சாப்பிடறேன்."

தட்டோடு கோயில் படியில் போய் உட்கார்ந்தாள். மகள் வந்து இரண்டு படி கீழே நின்றாள். வெளியே போகிறவர்கள் அவர்களைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. எல்லோருக்கும் திடீரென்று வீட்டில் அவசர வேலை.

"என்னுது எங்கடி?" என்றாள் அம்மா.

மகள் படியில் கிடந்த மண்ணைக் காலால் தேய்த்தாள்.

"குப்பையிலயா?"

"கோழிக்குப் போட்டுட்டாங்க."

அம்மா மடியில் இருந்த தட்டை நேராக வைத்தாள். "தின்னுச்சா?" என்றாள்.

"ம்."

"அதுங்களாவது தின்னுச்சே."

மகள் படியிலேயே உட்கார்ந்து அம்மாவின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். "எனக்கு முன்னாடியே சொல்லத் தைரியம் வரலம்மா."

"தெரியும். அவங்க பதினோரு பேர் எடுக்காததுல எனக்கு வருத்தமில்ல. உன் முதுகப் பாத்துட்டு இருந்தேன் பாரு, அதுதான்." அவள் மகளின் தலையில் கை வைத்தாள், உயிருள்ள தலை. "என்னைத் தொடறதுக்கு ஆண்டவர் ஒருத்தர்தான் யோசிக்கல. அத நம்பித்தான் இத்தன வருஷம் வந்து அந்தப் பெஞ்சுல உக்காந்தேன். இனியும் வருவேன். நீ எந்திரி, சாப்பிடு."

இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். மெல்ல, ஒவ்வொரு துண்டாக. பத்துத் துண்டு முடிந்ததும் அம்மா தட்டை மகள் பக்கம் நகர்த்தினாள்.

"இது உங்க மாமனார் எடுக்காதது. கொண்டுபோய்க் குடு. சண்ட போடாத, குடு, அவ்வளவுதான்." எழுந்து, உடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மதிய வேலைக்குக் கிளம்பினாள். ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களுக்கு அவசரம் இல்லை.

மருமகள் வீட்டுக்கு வந்து அந்தத் துண்டை ஒரு சின்னத் தட்டில் வைத்து, சாப்பாட்டு மேசையில், மாமனார் உட்காரும் இடத்துக்கு எதிரே வைத்தாள். "உங்க பங்கு, மாமா" என்றாள்.

வாத்தியார் அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் அது அங்கேயே இருந்தது. திருவிருந்து அப்பம்; தூக்கிப் போட்டால் பாவம். எடுத்துச் சாப்பிடலாமென்றால், சபை முழுக்கப் பார்க்க அன்று தான் தள்ளியது அப்பத்தை அல்ல, அந்தக் கையை என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். வாத்தியாரம்மா அதைச் சுற்றி மேசையைத் துடைக்கிறாள். துண்டு காய்ந்து, சுருங்கி, கல்லாகிக்கொண்டு வருகிறது.

மூன்று வேளையும் வாத்தியார் சாப்பாட்டு ஜெபம் சொல்கிறார். முன்பு அரை நிமிஷத்தில் முடிப்பவர் இப்போதெல்லாம் வெகுநேரம் ஜெபிக்கிறார் என்று தெருவில் பேச்சு. பக்தி முற்றிவிட்டதாம். கண்ணைத் திறந்தால் எதிரே என்ன இருக்கிறது என்று தெருவுக்குத் தெரியாதா என்ன?