டப்பாவுக்கு ஒரு மண்டலம்

உலகத் தின்பண்ட வரலாற்றை முன், பின் என்று இரண்டாகப் பிரிக்க நேர்ந்தால், கோடு போட வேண்டிய நாள் 1988ஆம் வருடம் வைகாசி மாதம் பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை. அன்று காலை ஏழே முக்கால் மணிக்குத்தான் ராஜபாளையம் ராஜரத்தினம் சேவு கம்பெனியின் வாசலில், பம்பாயிலிருந்து வந்த ஒரு தகர டப்பா ஆரத்தி சுற்றி இறக்கப்பட்டது. எடை அரைக் கிலோ.

உள்ளே இருந்தது அஸ்கார்பில் பால்மிடேட். நெல்லிக்காயில் இருக்கிற வைட்டமின் சி தண்ணீரில் கரையும். எண்ணெயோடு அதற்கு ஒட்டுறவு கிடையாது. அதற்கு ஒரு கொழுப்பமிலத்தை ஜோடி சேர்த்துவிட்டால் எண்ணெயோடும் கலந்துகொள்ளும். எண்ணெயைக் கெடுக்க வருகிற காற்றைத் தானே வாங்கிக்கொள்ளும். சேவு சீக்கிரம் காறாது.

இதை முதலாளிக்குச் சொல்லி வரவழைத்தவள் ஸாவித்ரி. வேதியியல் பட்டதாரி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். பதவியின் பெயர் தர அதிகாரி, ஆனால் தற்காலிகம். மெட்ராஸ் வியாபாரி கேட்டபடி சேவு அறுபது நாள் காறாமல் நின்றால் வேலை நிரந்தரம். காறினால், பெரியப்பா கடையில் பால்கோவாப் பொட்டலம் கட்டப் போக வேண்டியதுதான். பெரியப்பா இப்போதே நூல்கண்டை எடுத்து வைத்திருந்தார்.

முதலாளி ராஜரத்தினம் டப்பாவை நேரே பூஜை அறைக்குக் கொண்டுபோனார். மூடியைத் திறந்தார். உள்தாளைக் கிழித்தார். சந்தனம் குங்குமம் வைத்து, விளக்குக்குப் பக்கத்தில் அமர்த்தினார்.

"ஒரு மண்டலம் இருக்கட்டும். நாப்பத்தெட்டு நாள். பொறவு எடுப்போம்."

"அண்ணாச்சி, மூடியாவது போட்டிருவோம். காத்தும் வெளிச்சமும் சூடும் பட்டா இது கெட்டுப் போயிரும்."

"கெடாம இருக்கத்தானம்மா இத வாங்குனது?"

"மத்தது கெடாம இருக்க இது தன்னைக் கெடுத்துக்கிடும் அண்ணாச்சி. இதோட சோலியே அதுதான்."

"சாமி பாக்கணும்னு வச்சுட்டு மூடி போடச் சொல்லுதியே! காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாக போல."

வெளியே வந்தவளிடம் சேவு மாஸ்டர் தவசிமுத்து குரலைத் தாழ்த்தினார். "வாதாடாத தாயி. போன வருசம் புதுத் தராசுக்கு மண்டலம் வச்சாரு. அம்புட்டு நாளும் சரக்கக் கை நிதானத்துலதான் போட்டோம்."

அன்று சாயங்காலம் எல்லாரும் காபி குடிக்கப் போன நேரத்தில் ஸாவித்ரி பொடியை எவர்சில்வர் டிபன் டப்பாவுக்கு மாற்றி, இறுக மூடி, பீரோவின் அடித்தட்டு இருட்டில் வைத்தாள். தகர டப்பாவில் அரைக் கிலோ மைதாவைக் கொட்டினாள். இரண்டும் வெள்ளை. முதலாளிக்கு வித்தியாசம் தெரியவில்லை. சாமிக்குத் தெரிந்திருக்கும், சொல்லவில்லை.

தினமும் கற்பூரம் காட்டப்பட்டது. கம்பெனிக்குச் சேவு வாங்க வந்த பஞ்சு வியாபாரிகளெல்லாம் மைதாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

முப்பத்தாறாம் நாள் பூஜை அறையிலிருந்து சத்தம் வந்தது.

"ஏம்மா ஸாவித்ரி! ஓடியா! மருந்துல வண்டு ஊருது!"

ஸாவித்ரிக்குப் பெரியப்பாவின் நூல்கண்டு கண் முன்னால் உருண்டது. வாயைத் திறப்பதற்குள் ராஜரத்தினமே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"பாத்தியா? விஷம்னா வண்டு பொழைக்குமா? எம்புட்டு சுத்தமான சரக்கு!"

பின்னால் எட்டிப் பார்த்த தவசிமுத்து வண்டைப் பார்த்தார், பிறகு ஸாவித்ரியைப் பார்த்தார். வெளியே வந்ததும், "முப்பது வருசமா மாவு பிசையுதேன். இந்த வண்ட எனக்கு நல்லாத் தெரியும்" என்றார்.

"சொல்லீராதிய மாஸ்டர்."

"தராசுக்கே வாயத் தொறக்கல. இதுக்கா தொறக்கப் போறேன்?"

மண்டலம் முடிந்த காலை, முதலாளி குளித்து வருவதற்குள் மைதா வெளியேறியது. பொடி தன் டப்பாவுக்குத் திரும்பியது. ராஜரத்தினம் ஈர வேட்டியோடு அதைத் தூக்கிவந்து கொடுத்தார். ஸாவித்ரி அளவாக நிறுத்து, வெதுவெதுப்பான எண்ணெயில் கரைத்து, கொப்பரையில் கலந்தாள். தவசிமுத்து சேவு பிழிந்தார்.

அறுபது நாள் கழித்து மெட்ராஸ் வியாபாரியின் ஆள் சுந்தரபாண்டியன் வந்தார். பாக்கெட்டைக் கத்தரித்து மோந்தார். ஒரு வாய் தின்றார். கேட்காமலே இன்னொரு வாய் தின்றார்.

"துளிக்கூடக் காறல் இல்லியே! எப்படி அண்ணாச்சி?"

"மண்டலம்" என்றார் ராஜரத்தினம், மேலே பார்த்தபடி.

அன்றே ஸாவித்ரியின் வேலை நிரந்தரமானது. உத்தரவுக் காகிதத்தைக் கையில் கொடுத்தபோது முதலாளி சொன்னார்: "அடுத்த தடவ அஞ்சு கிலோ வருதும்மா. அதையும் இதே மாதிரி வச்சிருவோம். நீதான் பக்கத்துல இருந்து பாத்துக்கிடணும்."

"சரி அண்ணாச்சி."

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் அவள் ஐந்து கிலோ மைதா வாங்கினாள்.