தெளிந்த தண்ணீரில் ஒன்பது சிப்பிகள்

1

"மாமா, இதுங்களுக்குப் பசிச்சா யார்கிட்ட சொல்லும்?"

மீன்தொட்டியிலிருந்த சிப்பிகளைக் காட்டி என் தங்கை மகள் கேட்ட இந்தக் கேள்வியிலிருந்துதான் கதை வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். "கடவுள்கிட்ட சொல்லும்டா" என்றேன். அப்படித்தான் நம்புகிறேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ கடவுள் அப்பாகிட்ட சொல்லணும்ல? தொட்டி அப்பாவோடதாச்சே."

நான் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். அன்று ஒரு நிமிஷம் குனிந்து தொட்டியைப் பார்த்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

2

முதல் தொடக்கம்: 'மணலுக்கடியில் ஒன்பது வாய்கள் காத்திருந்த அந்த வீட்டில்...' (விட்டுவிட்டேன். வெறுமே பயமுறுத்தும் வரி.)

இரண்டாம் தொடக்கம்: 'என் தங்கை கணவர் கல்நெஞ்சக்காரர். கடலில் நிம்மதியாக...' (பொய். மாப்பிள்ளை மருத்துவமனையில் ரத்தத்தை வடிகட்டும் டயாலிசிஸ் இயந்திரம் பார்ப்பவர். ரத்தம் உடம்புக்கு வெளியே அந்த இயந்திரத்தில் ஓடும்போது குளிரில் நடுங்குகிறவர்களுக்குத் தன் வீட்டுப் போர்வையைக் கொண்டுபோய்ப் போர்த்துகிறவர். அவரைக் கெட்டவராக்க மனம் வரவில்லை.)

நடந்தது இதுதான். கடல் உள்வாங்கியிருந்த ஒரு காலையில் அப்பாவும் மகளும் சேற்று மணலைக் கையால் தோண்டி, ஒன்பது சிப்பிகளை உயிரோடு எடுத்துவந்து, கூடத்திலிருந்த உப்புத் தண்ணீர் மீன்தொட்டியில் விட்டார்கள். அவை மணலுக்குள் புதைந்துகொண்டன. வெளியே தெரிந்ததெல்லாம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு துளைகள். தண்ணீர் உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று.

மாப்பிள்ளைக்கு அழுக்கு ஆகாது. இரண்டு வடிகட்டிகள் போட்டார். அவற்றின் பஞ்சைத் தினமும் கழுவினார்.

"எப்படி மச்சான்? தண்ணி இருக்கான்னே தெரியலல்ல?"

"மீனெல்லாம் அந்தரத்துல தொங்குது மாப்பிள்ளை."

பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

3

நாற்பதாம் நாள் காலையில் எட்டுச் சிப்பிகள் மணலுக்கு மேலே வந்திருந்தன. எட்டும் கண்ணாடியோரம், வரிசையாக, சாப்பாட்டு மேசைப் பக்கமாகத் திரும்பி. ஓடுகள் ஒரு நூல் அளவு திறந்திருந்தன.

தங்கை நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

"அதுங்க பாக்குதுண்ணா."

"இதுக்குக் கண்ணே கிடையாதும்மா."

"கண்ணில்லாமலே பாக்குது. அதான் பயமா இருக்கு."

தட்டு வைக்கும் சத்தம் கேட்டதும் ஓடுகள் இன்னும் கொஞ்சம் திறந்தன.

(மேலே உள்ள வரியை அடிக்க நினைத்தேன். அதிர்வு பட்டால் சிப்பி மூடிக்கொள்ளும், திறக்காது. ஏதோ நானே சேர்த்துவிட்டேன் போலிருக்கிறது என்று தங்கையிடம் சொன்னேன். "நீ சேக்கலண்ணா. நானும் திரும்பிப் பாத்தேன்" என்றாள்.)

ஒன்பதாவதை மாப்பிள்ளை மணலுக்குள் கைவிட்டு எடுத்தார். இறுக மூடியிருந்தது. கனத்தது. "இது உயிரோட இருக்கு" என்று மகளிடம் நீட்டினார். நீட்டும்போதே இரண்டாகப் பிரிந்தது. உள்ளே சதையில்லை. மணல் மட்டும், சிப்பியின் வடிவத்திலேயே.

"மத்ததும் இப்படி மண்ணாயிடுமாப்பா?" என்று குழந்தை கேட்டாள்.

4

மாப்பிள்ளை கைகழுவும் தொட்டிக்குப் போய் வடிகட்டிப் பஞ்சைப் பிழிந்தார். பச்சையாக வழிந்தது. ஒரு சொட்டை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"மச்சான், தண்ணில மிதக்கற இந்தப் பச்சைப் பாசியத்தான் அதுங்க திங்கும். நான் தினம் தட்டைப் பிடுங்கிக் கழுவி வச்சிருக்கேன்."

எனக்கும் சுருக்கென்றது. இந்தக் கதையை ஏழு முறை அடித்துத் திருத்திக் கழுவியிருந்தேன். ஒவ்வொரு முறையும் தெளிந்தது. ஒவ்வொரு முறையும் ஆட்கள் மெலிந்தார்கள். அதனால்தான், விட்ட வரிகளை மேலே அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

5

ஒரு முடிவு: எட்டையும் கடலில் விடுகிறார்கள். குழந்தை கையசைக்கிறாள். எழுதியும் முடித்தேன். மீன்தொட்டிக் கடைக்காரர் கெடுத்துவிட்டார். "கடை மீனோட கிடந்ததைக் கடல்ல விடாதீங்க சார். இங்க ஒட்டின நோய் அங்க இருக்கறதுக்கெல்லாம் போகும். எடுத்துட்டீங்கல்ல, இனி வச்சுக் காப்பாத்துங்க."

இன்னொரு முடிவு: எட்டும் மணலாகின்றன, வீட்டில் எல்லோரும் சேர்ந்து குழந்தையிடம்... (இல்லை. முடியாது.)

எனவே முடிவை உங்களிடம் விடுகிறேன். நான் எழுதப்போவது அதற்கு முந்திய சில நிமிஷங்களை மட்டும்.

தங்கை வேலைக்குப் போயிருக்கிறாள். குழந்தை பள்ளிக்கூடத்தில். யாரிடமும் சொல்லாமல் அரைநாள் விடுப்பு எடுத்து வந்திருக்கிறார் மாப்பிள்ளை. இரண்டு வடிகட்டிகளையும் நிறுத்துகிறார். கடைக்காரரிடம் வாங்கிய, பாசி கலந்த பச்சைத் தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, தொட்டியின் முன் மண்டியிடுகிறார்.

எழுதுகிறவன் எங்கும் நிற்கலாம். நான் தொட்டிக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி நிற்கிறேன். நிற்கக் கூடாது என்று தெரியும். செய்த குற்றத்துக்கு ஒருவர் ஈடு செய்யும்போது பார்ப்பவர் இல்லாமலிருப்பதே மரியாதை.

ஒவ்வொரு ஓட்டின் அருகிலும் முனையைக் கொண்டுபோய் மெல்ல அழுத்துகிறார். அவசரமில்லை. எட்டாவதும் ஆகிறது. பிறகு, மிச்சம் என்ன இருக்கிறது என்று யோசித்தவர் போல, அந்தப் பிளந்த ஓடு கிடந்த வெற்று மணலுக்கும் ஒரு சொட்டு.

தண்ணீர் கலங்குகிறது. முதலில் எட்டு ஓடுகள் மறைகின்றன. பிறகு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்திருக்கும் அவர் முகமும்.