பொன்னுராஜின் ரத்தம்

மில்லை இழுத்து மூடிய பிறகு பொன்னுராஜுக்குச் சோறு போட்டது அவருடைய ரத்தம்தான். கேட்பவர்கள் சிரிப்பார்கள், அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

டைபாய்டு தடுப்பூசி பலிக்கிறதா என்று பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகை வீட்டில் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார் அபுதாஹிர் டாக்டர். ஊசி போட்டவர்களின் ரத்தத்தில் மேலே தெளியும் மஞ்சள் நீரைக் கிருமியோடு கலந்து தட்டில் ஊற்றி வைப்பார்கள். மறுநாள் கிருமி முளைக்காவிட்டால் ஊசி பலித்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் பொன்னுராஜின் தட்டில் மட்டும் ஒரு கிருமிகூட மிஞ்சாது. டாக்டர் அசந்துபோய் அவரை வாட்ச்மேனாகவே வைத்துக்கொண்டார். மற்றவர்களின் தட்டையெல்லாம் அவர் தட்டோடுதான் ஒப்பிட வேண்டும். எடுத்துச் சேமிக்கலாமென்றால், கரண்டு போகிற லட்சணத்தில் ஃப்ரீசரை யார் நம்புவது? வாராவாரம் கையை நீட்ட வேண்டியதாயிற்று.

திருப்பூரில் வேலை இருக்கிறதென்று கூட்டாளி ஆண்டிச்சாமி கூப்பிட்டார். நீங்கள் போனால் இத்தனை நாள் பாடும் வீண் என்று டாக்டர் கெஞ்சினார். கெஞ்சுகிற மனுஷரிடம் எப்படி முரண்டு பிடிப்பது? தலை கிறுகிறுத்த நாளிலும் வாயைத் திறக்காமல் நீட்டினார். வசமாக மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

அன்று காலையில் ஒரு பாட்டில் நிறையவே எடுத்திருந்தார்கள். மதியம் சேத்தூரிலிருந்து ஆள் வந்தது. மகள் இசக்கியம்மாளுக்குப் பிரசவத்தில் உதிரம் நிற்கவில்லையாம். ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவள் குரூப்பு ரத்தம் அங்கே இருப்பில்லை. அது லேசில் கிடைக்காத குரூப்பு. சொந்தத்தில் அப்பனுக்கு மட்டும்தான் அது இருந்தது.

பொன்னுராஜ் உள்ளே ஓடிப்போய்க் காலையில் கொடுத்த பாட்டிலைத் திருப்பிக் கேட்டார். அது உறைந்து, நீரையும் பிரித்தாயிற்று, இனி யாருக்கும் ஏற்ற முடியாது என்றார் டாக்டர். சொன்ன டாக்டரின் முகமும் செத்துவிட்டது. தானே ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்து பொன்னுராஜை ஆஸ்பத்திரியில் விட்டார்.

பொன்னுராஜ் காலையில் ஒட்டிய பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டுவிட்டு மறு கையை நீட்டினார். இதற்குமுன் எப்போது கொடுத்தீர்கள் என்று நர்ஸம்மா கேட்டதற்கு, கொடுத்ததே இல்லை என்று சாதித்தார். அந்தம்மா விரலில் குத்தி ஒரு சொட்டை நீல மருந்துத் தண்ணீரில் விட்டார். சத்துள்ள ரத்தம் அடியில் போய்விடும். அவருடையது மிதந்தது.

"இன்னொரு சொட்டு விட்டுப் பாருங்கம்மா. எம்புட்டு நல்ல ரத்தம்னு டாக்டரே சொல்லியிருக்காக."

அதுவும் மிதந்தது. நர்ஸம்மா அவர் விரலைப் பஞ்சால் துடைத்துவிட்டு, சொந்தத்தில் இந்தக் குரூப்பு வேறு யாருக்கு இருக்கிறது, சீக்கிரம் கூப்பிடுங்கள் என்றார்.