வாளிக்குள் இரண்டு கைகள்

எங்கள் அறையின் தரையில் ஒட்டுநாடாவால் ஒரு செவ்வகம் போட்டு, அதற்குள் ‘மேசை’ என்று எழுதி வைத்திருந்தேன். டிசைன் படிக்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி. ஒரு பொருள் வருவதற்கு முன்பே அது வரப்போகிற இடத்தைத் தரையில் ஒட்டிப் பார்த்துவிடுவோம். கதவு இடிக்குமா, நாற்காலியை இழுக்க இடம் இருக்குமா, வெளிச்சம் இடது பக்கம் விழுமா என்று எல்லாம் பார்த்துத்தான் ஒட்டியிருந்தேன். செவ்வகத்துக்குள் அக்காவின் மெத்தை கிடந்தது. அது ஒன்றுதான் இடைஞ்சல்.

அந்த இடைஞ்சலும் அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்தோடு தீர்ந்துவிடுவதாக இருந்தது. அத்தான் வந்து அக்காவைக் கூட்டிப் போகப் போகிறார் என்று அப்பா சொல்லிவிட்டார். நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவள், மாதக்கணக்கில் டேரா போட்டுவிட்டாள். வந்த வேகத்தில் என் வரைபலகையை எடுத்து பால்கனியில் வைத்தாள். அன்று பெய்த மழையில் அது அப்பளம் மாதிரி உப்பிப் போனது. நான் கத்தின கத்தலில் அக்கம்பக்கத்து ஜன்னல் எல்லாம் திறந்தது. அன்றிலிருந்து அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன். ஏன் வந்தாள், எதற்கு இருக்கிறாள் என்று எதுவும் கேட்கவில்லை. என் அறை போயிற்று, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அப்புறம் எங்கள் மேடம் ஒரு வேலை கொடுத்தார். சிற்பப் பாடத்தில் நான் ஏற்கெனவே ஒரு தடவை கவிழ்ந்தவள். இன்னொரு தடவை கவிழ்ந்தால் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டுக் கணக்கு படிக்கப் போக வேண்டும் என்பது அப்பாவின் தீர்ப்பு. வேலை இதுதான்: வேறொருவர் கையோடு கை கோத்து, இரண்டு கைகளையும் அச்செடுத்து வார்க்க வேண்டும். “பிரண்டைக் கூட்டிட்டு வந்து பல்லைக் காட்டிக்கிட்டே பண்ணாதீங்க. மூஞ்சி கொடுத்துப் பேசாத ஆள் யாராவது இருப்பாங்க இல்ல? அவங்களைக் கூட்டிட்டு வாங்க,” என்றார் மேடம்.

அப்படிப்பட்ட ஆள் என் அறையிலேயே படுத்திருந்தாள். ஆனால் நான் எப்படிக் கேட்பது? எங்களுக்கு நடுவில் அம்மாதான் தபால்காரர். அம்மா போய்க் கேட்டாள், திரும்பி வந்தாள்.

“வரேன்னுட்டா. எப்பன்னு கேக்கறா.”

“சனிக்கிழமை. அன்னிக்குத்தான் ஸ்டூடியோ காலியா இருக்கும். ஆனா அன்னிக்கு அத்தான் வராரே?”

“அதெல்லாம் பரவாயில்லையாம். அன்னிக்கே போலாங்கறா.”

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பெட்டி கட்ட வேண்டிய நாளில் ஒருத்தி இப்படிக் கிளம்புவாளா? சரி, நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் ஸ்டூடியோவில் எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை. அச்செடுக்கிற மாவு ஒன்று உண்டு. பல் டாக்டர்கள் வாய்க்குள் வைத்து அச்செடுப்பார்களே, அதே மாவு. தண்ணீரில் கரைத்துக் கையை விட்டால் ரப்பர் மாதிரி இறுகும். நெளித்து, வழுக்கி, கையை வெளியே எடுத்துவிடலாம். உள்ளே விழுந்த பள்ளத்தில் பிளாஸ்டர் ஊற்றினால் கை தயார். என் வகுப்பில் சுருட்டை என்று ஒருவன் இருக்கிறான், தலைமுடியால் வந்த பெயர். என்னிடம் கடன் வாங்கின மாவைப் பாக்கெட்டோடு திருப்பிக் கொடுத்திருந்தான். பாக்கெட்டில் அந்த மாவின் பெயர்தான் போட்டிருந்தது. உள்ளே இருந்தது பிளாஸ்டர். அவனிடம் மாவு தீர்ந்துவிட, பிளாஸ்டர் கொட்டி வைக்க அந்தக் காலி பாக்கெட்டை எடுத்தவன், மறந்துபோய் அதையே எனக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான் என்பது எல்லாம் முடிந்த பிறகு தெரிந்தது. இரண்டுமே வெள்ளைப் பொடி. கரைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும் என்கிறார்கள். தெரியும், வகுப்பில் செய்து காட்டின அன்று போயிருந்தால். என் பலகை உப்பின கோபத்தில் நான் அன்று வகுப்புக்கே போகவில்லை.

பெயிண்ட் வாளியில் கரைத்தேன். முழங்கை வரை சட்டையை ஏற்றிக்கொண்டு எதிரெதிரே முக்காலியில் உட்கார்ந்தோம். வலக்கைகளை விரலோடு விரல் கோத்தோம். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. கடைசியாக எப்போது இந்தக் கையைப் பிடித்தேன் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. மணிக்கட்டுக்கு மேலே வரை இரண்டு கைகளையும் வாளிக்குள் இறக்கினோம்.

“ஆடாதே,” என்றேன். அத்தனை நாளுக்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசின முதல் வார்த்தை அதுதான்.

“எவ்வளவு நேரம் ஆகும்டி?”

“அஞ்சு நிமிஷம்.”

“அவ்வளவுதானா? சாயங்காலம் வரைக்கும் ஆகாதா?”

“உன் கையை வச்சு ஊறுகாயா போடப் போறேன்? அஞ்சே நிமிஷம். பேசாம இரு.”

அவள் சிரிக்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “சுடுதுடி,” என்றாள்.

“உன் கைச் சூடுதான். ஆடாதே, கெட்டுப் போயிடும்.”

“இல்ல வாலு, நெஜமாவே சுடுது.”

வாலு என்பது என் வீட்டுப் பெயர். அவள் அப்படிக் கூப்பிட்டதும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. அப்புறம்தான் என் சுண்டுவிரலிலும் சூடு ஏறியது. அந்த மாவு சுடாது, சில்லென்றுதான் இருக்கும். சுடுவது பிளாஸ்டர்தான். அந்த அளவுக்காவது எனக்குத் தெரியும். “எடு, கையை எடு!” என்று கத்தி இழுத்தேன். கை வரவில்லை, வாளிதான் கூட வந்தது. விரலை அசைக்கக்கூட முடியவில்லை. கல்லுக்குள் கை மாட்டின மாதிரி இருந்தது.

அக்கா இழுக்கவே இல்லை. நான் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருக்க, அவள் முகம் வெளுத்து, கண்ணை மூடிக்கொண்டு, “சரி… சரி… சரி…” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா சரி? எழுந்திரு!”

“சரி,” என்றாள் மறுபடியும், என்னிடம் இல்லை, வேறு யாரிடமோ.

என் போன் பையில், பை அந்தக் கோடி மேசையில். போனைவிட ஆள்தான் முக்கியம் என்று பட்டது. “பட்டறை அண்ணன் இருப்பார், வா,” என்று அவளை இழுத்துக்கொண்டு நடந்தேன். நடந்தேன் என்றா சொன்னேன்? குனிந்தபடி, ஆளுக்கொரு இடக்கையால் வாளியைத் தாங்கிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் போனோம். என் முட்டி வாளியில் இடிக்க, அவள் தலை என் தலையில் மோத, தாழ்வாரம் போய்க்கொண்டே இருந்தது. கொதிக்கிற வெந்நீரில் கையை விட்டுவிட்டு எடுக்க முடியாமல் நிற்பது போல் எரிந்தது. வரைகிற கை போய்விடும் என்று பயந்து அழுதுவிட்டேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான், முதலில் என் கையை நினைத்துத்தான் அழுதேன்.

பட்டறையில் இருந்த அண்ணன் எங்களைப் பார்த்ததும், “வாளிக்குள்ள என்னம்மா தேடுறீங்க?” என்றார். பக்கத்தில் வந்து பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. வாளியைத் தட்டிப் பார்த்தார்.

“ஒத்தைக் கைன்னாக்கூட சோப்புத் தண்ணி விட்டு உருவிப் பார்க்கலாம். நீங்க விரல் கோத்து வச்சிருக்கீங்க. இதை எவனாலயும் உருவ முடியாது, உடைச்சாத்தான் உண்டு. அப்படியே உக்காருங்க, சின்ன உளி ஸ்டோர் ரூம்ல இருக்கு,” என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

தரையில் உட்கார்ந்தோம். வாளி எங்கள் மடிகளுக்கு நடுவில். அக்காவின் முகம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது.

“வலிக்குதாக்கா?”

“வலி இல்லடி. இழுத்தா வரலியே, அதான்.” மூச்சு வாங்கினாள். “அவர் இப்படித்தான் பிடிப்பார்.”

“யாரு?”

“உங்க அத்தான். எதாவது மாட்டேன்னு சொன்னா, மணிக்கட்டைப் பிடிச்சுப்பார். அடிக்கல, திட்டல. டிவி பார்த்துக்கிட்டே பிடிச்சிருப்பார். நான் சரின்னு சொல்ற வரைக்கும் விட மாட்டார். ஒரு நாள் ராத்திரிச் சாப்பாடு நேரத்துல பிடிச்சவர், படம் முடியற வரைக்கும் விடல. சிரிச்சுக்கிட்டேதான் இருந்தார்.”

அத்தான் அதிர்ந்து பேசாதவர். மாப்பிள்ளை மாதிரி மாப்பிள்ளை உண்டா என்று அப்பா வாய் ஓயாமல் சொல்வார்.

“அம்மாகிட்ட சொல்லலியா?”

“சொன்னேன். கையைத்தானே பிடிச்சார், வேற ஒண்ணும் பண்ணலியேன்னாங்க.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எங்க நின்னுடி சொல்றது? உன் மேசைக்குள்ள நின்னா?”

அந்தச் செவ்வகத்தை ஒட்டின நாளிலிருந்து அவள் அதற்குள்தான் படுத்தாள், அதற்குள்தான் எழுந்தாள். காலையில் மெத்தையைச் சுருட்டும்போது நாடா பிய்ந்துவிடாமல் பார்த்துச் சுருட்டுவாள். அதைப் பார்த்துக்கொண்டே நான் பல் தேய்த்திருக்கிறேன். எனக்கு என்னைப் பிடிக்கவே இல்லை. அவள் கையை அழுத்தலாம் என்றால் விரல் அசையவில்லை.

அண்ணன் வந்து முதலில் வாளியை வெட்டி எடுத்தார். அப்புறம் ஓரமாக உளியை வைத்து மெதுவாகத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு பேரும் சேர்ந்து துள்ளினோம். கடைசியில் அது இரண்டாகப் பிளந்தது. கைகள் வெளியே வந்தபோது செக்கச்செவேல் என்று இருந்தன, அங்கங்கே கொப்புளம். விரல்களைப் பிரிக்க எங்களுக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றபோது, “சாயங்காலம் ஆயிடுச்சாடி?” என்று அக்கா கேட்டாள். ஆகிவிட்டிருந்தது.

தெருமுனை கிளினிக்கில் மருந்து போட்டு, இரண்டு பேரின் வலக்கையிலும் கட்டு போட்டு அனுப்பினார்கள். திங்கட்கிழமை மேடத்திடம் காட்ட என்னிடம் உடைந்த துண்டுகளைத் தவிர ஒன்றுமில்லை. பஸ்ஸில் வரும்போது, “போகாதேக்கா,” என்றேன்.

“போகாம எங்க இருக்கறது? அப்பா பெட்டியை எடுத்து வாசல்ல வச்சிருப்பார்.”

வைத்துத்தான் இருந்தார். கூடத்தில் அத்தான் உட்கார்ந்திருந்தார், டிவி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கட்டைப் பார்த்ததும் அம்மா பதறி எழுந்தாள். அப்பா என்னைத்தான் முறைத்தார். “இந்தப் படிப்பு படிச்சு இன்னும் என்னென்ன பண்ணப் போறியோ. சரி, மாப்பிள்ளை ரொம்ப நேரமா காத்திருக்கார். அவ கிளம்பட்டும்.”

“நான் வரலப்பா,” என்றாள் அக்கா. குரல் எழும்பவே இல்லை.

அத்தான் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். “என்ன கட்டு இது? பாவம். வா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்,” என்று அவள் இடக்கையை நோக்கிக் கை நீட்டினார். அக்காவின் உதடு ‘ச’ என்று பிரிவதை நான் பார்த்தேன். யோசிக்கவில்லை. அவள் முன்னால் போய் நின்று, என் இடக்கையை அவள் இடக்கையோடு விரலுக்கு விரல் கோத்துவிட்டேன். அத்தானுக்கு அவளுடைய மணிக்கட்டுதான் கிடைத்தது. பிடித்தார், மெதுவாக இழுத்தார். நாங்கள் இரண்டு பேருமாக ஓரடி நகர்ந்தோம்.

“வாலு, என்ன விளையாட்டு இது? கையை விடு,” என்றார் அப்பா.

“விட முடியாதுப்பா. இறுகிடுச்சு.”

அத்தானுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பிடி தளரவில்லை. “சரின்னு சொல்லேன், கிளம்பலாம்,” என்றார் அக்காவிடம், பார்வையை டிவி பக்கம் திருப்பிக்கொண்டு. அக்கா சொல்லவில்லை. டிவியில் யாரோ ஏதோ விற்றார்கள், அப்புறம் இன்னொருவர் வந்து வேறு எதையோ விற்றார். என் உள்ளங்கை வியர்த்தது, அவளுடையதும். அவர் பிடித்த இடத்துக்குக் கீழே அவள் விரல்கள் வெளுத்துக்கொண்டே வந்தன. அப்பா முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் செருப்பைப் பார்த்தார். அம்மா மட்டும் அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாப்பிள்ளை,” என்றாள் அம்மா. “கையை விடுங்க.”

அவர் விடவில்லை. அம்மா டிவியை அணைத்துவிட்டு இன்னொரு தடவை சொன்னாள்.